ஒரு கோட் ஹேங்கரும் 11 காலி சீட்டும்



ராத்திரி ஃப்ளைட். சாப்பாடு முடிஞ்சு, ட்ரே எடுத்துட்டுப் போயாச்சு. லைட் அணைச்சாச்சு. பக்கத்து சீட்காரர் லேசா குறட்டை விடுறார். உங்களுக்கும் கண்ணு சொக்குது. அந்த நேரத்தில் ஸ்பீக்கரில் ஒரு குரல் வருது. "பயணிகளில் டாக்டர் யாராவது இருந்தால், உடனே விமானப் பணியாளரைத் தொடர்பு கொள்ளவும்."

தூக்கம் போச்சு. எல்லாத் தலையும் திரும்புது. யாருக்கு என்ன ஆச்சு? டாக்டர் யாராவது எழுந்திருக்கிறாங்களா? ஒருத்தரும் எழுந்திருக்கலைன்னா?

இன்னைக்கு எபிசோடு அந்த ஒரு அறிவிப்புக்குப் பின்னால இருக்கிற வரலாறு. நடுவானில் ஒருத்தருக்கு ஏதாவது ஆயிட்டா யார் பொறுப்பு? பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற டாக்டரா, பணிப்பெண்ணா, விமான நிறுவனமா, இல்ல வெறும் அதிர்ஷ்டமா? இதுக்கு ரெண்டு விமானங்களோட கதையைச் சொல்லப் போறேன். ஒண்ணு 1995-ல் நடந்தது. சினிமா மாதிரி இருக்கும். இன்னொண்ணு 1998-ல். அதில் சாகசமே கிடையாது. ஆனா நாம அதிகம் கத்துக்க வேண்டியது அந்த ரெண்டாவது கதையில்தான் இருக்கு.

ஆனா அதுக்கு முன்னாடி, கொஞ்சம் பின்னோக்கிப் போவோம்.

பைலட் ஆக ஆசைப்பட்ட நர்ஸ்

1930. அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ. எல்லன் சர்ச் என்று ஒரு இளம்பெண். தொழிலால் நர்ஸ். ஆனால் ஆசை எல்லாம் விமானம் ஓட்டுவதில். ஓட்டவும் கற்றுக்கொண்டிருந்தார். போயிங் ஏர் டிரான்ஸ்போர்ட் நிறுவனத்தின் அலுவலகத்துக்குப் போய் வேலை கேட்டார். இன்றைய யுனைடெட் ஏர்லைன்ஸின் மூதாதை அந்த நிறுவனம்.

பெண்ணுக்கு பைலட் வேலை என்பது அந்தக் காலத்தில் நடக்காத காரியம். கதவு மூடிவிட்டது என்று தெரிந்ததும் எல்லன் வேறொரு யோசனை சொன்னார். ஜனங்க விமானத்தில் ஏறவே பயப்படுறாங்க. உள்ளே ஒரு நர்ஸ் இருந்தா, பயம் குறையும் இல்லையா?

அந்தப் பயத்துக்கு நியாயம் இருந்தது. அன்றைய பயணிகள் விமானங்களுக்குள் காற்றழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் வசதி கிடையாது. அதனால் ரொம்ப உயரத்தில் பறக்க முடியாது. மேகத்துக்கும் காற்றுக்கும் நடுவில் குலுங்கிக் குலுங்கித்தான் போகணும். வாந்தி எடுக்காத பயணி அபூர்வம்.

யோசனை பிடித்துப்போனது. மூன்று மாதச் சோதனையாக 8 நர்ஸ்களை வேலைக்கு எடுத்தார்கள். 1930 மே 15 அன்று, எல்லன் சர்ச் உலகின் முதல் விமானப் பணிப்பெண்ணாக சிகாகோ போகும் விமானத்தில் ஏறினார். நிபந்தனைகளைக் கேளுங்க. வயது 25-க்குள், எடை சுமார் 52 கிலோவுக்குள், கல்யாணம் ஆகியிருக்கக் கூடாது. இதெல்லாம் இன்னைக்குக் கேட்டா கோபம் வரும். ஆனா கடைசி நிபந்தனையைக் கவனிங்க: பதிவு பெற்ற நர்ஸாக இருக்க வேண்டும்.

அதாவது, விமானப் பணிப்பெண் என்ற வேலை பிறந்தபோது அது மருத்துவ வேலையாகத்தான் பிறந்தது. காபி கொடுப்பது கூடவே வந்த வேலை.

பிறகு இரண்டாம் உலகப்போர். நர்ஸ்கள் ராணுவத்துக்குத் தேவைப்பட்டார்கள். 1942-ல் நர்ஸ் படிப்பு கட்டாயம் என்ற விதியை விமான நிறுவனங்கள் தளர்த்தின. போர் முடிந்த பிறகும் அந்த விதி திரும்பி வரவில்லை. முதலுதவிப் பயிற்சி இருந்தது, உண்மைதான். ஆனால் விமானத்துக்குள் நிரந்தரமாக ஒரு மருத்துவ ஆள் என்ற ஏற்பாடு போய்விட்டது. அந்த இடத்துக்கு வந்ததுதான் நாம முதல்ல கேட்ட அந்த அறிவிப்பு. டாக்டர் யாராவது இருக்கீங்களா?

கோட் ஹேங்கர்

இப்போ முதல் கதை. 1995 மே மாதம். ஹாங்காங்கில் இருந்து லண்டன் போகும் பிரிட்டிஷ் ஏர்வேஸ் 747 விமானம். பயணிகளில் 39 வயதுப் பெண் ஒருவர். ஏர்போர்ட்டுக்கு வரும் வழியில் மோட்டார் சைக்கிளில் இருந்து விழுந்திருக்கிறார். பெரிய அடி இல்லை என்று நினைத்துக்கொண்டு விமானத்தில் ஏறிவிட்டார். சீட்டில் உட்கார்ந்த பிறகுதான் கை வீங்குகிறது, வலிக்கிறது.

அதே விமானத்தில் இங்கிலாந்தின் நாட்டிங்ஹாம் நகரத்தைச் சேர்ந்த எலும்பு அறுவை சிகிச்சைப் பேராசிரியர் ஆங்கஸ் வாலஸ் இருந்தார். டாம் வோங் என்ற இளம் டாக்டரும் இருந்தார். இருவரும் வந்து பார்த்தார்கள். முன்கையில் எலும்பு முறிவு போலத் தெரிந்தது. கட்டுப் போட்டார்கள். விமானம் கிளம்பியது.

கிளம்பிக் கொஞ்ச நேரம் கழித்து அந்தப் பெண் ஷூவைக் கழற்றக் குனிந்தார். நெஞ்சில் சுளீர் என்று வலி. மூச்சு விட முடியவில்லை.

வாலஸ் மறுபடி பார்த்ததும் புரிந்துகொண்டார். கை மட்டும் இல்லை, விலா எலும்பும் முறிந்திருக்கிறது. அது நுரையீரலைக் குத்திவிட்டது. நுரையீரலில் இருந்து கசியும் காற்று வெளியே போக வழியில்லாமல், நெஞ்சுக்கூட்டுக்குள்ளேயே சேர்ந்துகொண்டே இருக்கிறது. சேரச் சேர நுரையீரல் சுருங்கும். அடுத்து இதயத்தையே ஒரு பக்கமாகத் தள்ளும். அந்தக் காற்றை வெளியே எடுக்காவிட்டால் ஆள் பிழைக்க மாட்டார்.

இங்கே ஒரு சின்ன பிசிக்ஸ். ஊட்டிக்குக் கார்ல போயிருக்கீங்களா? மேட்டுப்பாளையத்தில் வாங்கின சிப்ஸ் பாக்கெட் மேலே போகப் போக பலூன் மாதிரி உப்பும் இல்லையா? விமானம் 35,000 அடியில் பறந்தாலும், உள்ளே இருக்கிற காற்றழுத்தம் அதிகபட்சம் 8,000 அடி உயரத்தில் இருக்கிற அளவுக்குத்தான் குறையும். ஊட்டிக்குக் கொஞ்சம் மேலேன்னு வெச்சுக்கலாம். நல்ல உடம்புக்கு அது ஒண்ணும் பண்ணாது. ஆனா உடம்புக்குள்ள எங்கேயாவது காற்று அடைபட்டிருந்தா, அந்த சிப்ஸ் பாக்கெட் கதைதான். அடைபட்ட காற்று கிட்டத்தட்ட மூணுல ஒரு பங்கு கூடுதலா விரியும்.

ஆக, தரையில் "சின்ன அடி" என்று தெரிந்தது, மேலே போனதும் உயிருக்கே ஆபத்தாக மாறியது.

விமானத்தின் மருந்துப் பெட்டியைத் திறந்தார்கள். அறுவைக் கத்தி இருந்தது. மரத்துப்போக வைக்கும் ஊசி மருந்து இருந்தது. ஒரு ரப்பர் குழாய் இருந்தது, ஆனால் அது சிறுநீர் எடுக்கப் பயன்படும் குழாய். நெஞ்சுக்குள் செருக முடியாத அளவுக்குத் தொளதொள என்று இருந்தது. அதை விறைப்பாக்க ஒரு கம்பி வேண்டும். எங்கே போவது?

கோட் மாட்டும் ஹேங்கர். அதைப் பிரித்து நிமிர்த்தினார்கள். கிருமி நீக்க என்ன செய்வது? விமானத்தில் பிராந்தி இருந்தது. அதை ஊற்றிக் கம்பியைச் சுத்தம் செய்தார்கள். சுடச்சுட வைத்திருந்த முகம் துடைக்கும் துண்டுகளைச் சுற்றிலும் விரித்தார்கள். வோங் சாப்பாட்டுக் கத்தியும் முள்கரண்டியும் வைத்து வெட்டிய இடத்தை விலக்கிப் பிடித்துக்கொண்டார். வாலஸ் குழாயை நெஞ்சுக்குள் செருகினார்.

காற்று வெளியே வரணும், ஆனா திரும்ப உள்ளே போகக் கூடாது. ஆஸ்பத்திரியில் இதுக்குன்னு தண்ணி ஊத்தின ஒரு பாட்டில் வெச்சிருப்பாங்க. குழாயின் முனை தண்ணிக்குள்ள இருக்கும். காற்று குமிழ் குமிழா வெளியே வந்துடும், தண்ணி தடுக்கிறதால திரும்பப் போக முடியாது. விமானத்தில் அதுக்கு பதிலா, குடிக்கிற தண்ணி பாட்டில். மூடியில் ஓட்டை போட்டு, ஆக்சிஜன் குழாய் ஒன்றை இணைத்து, செல்லோ டேப் ஒட்டினார்கள்.

சுமார் பத்து நிமிடத்தில் முடிந்தது. அந்தப் பெண் எழுந்து உட்கார்ந்தார். மிச்சப் பயணத்தில் சாப்பிட்டார், படம் பார்த்தார். லண்டனில் இறங்கி ஆஸ்பத்திரிக்குப் போய்க் குணமானார். வாலஸ் இந்த அனுபவத்தை அதே ஆண்டு பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் எழுதினார். உலகம் முழுக்கச் செய்தி.

கேட்கும்போதே கைதட்டத் தோணுது இல்லையா? எனக்கும் தோணும். ஆனா கொஞ்சம் தள்ளி நின்னு யோசிச்சா வயிறு கலங்கும். அன்னைக்கு அந்த ஃப்ளைட்டில் வாலஸ் ஏறாமல், ஒரு பல் டாக்டர் மட்டும் ஏறியிருந்தால்? சிறுநீர்க் குழாய் கூடப் பெட்டியில் இல்லாமல் இருந்திருந்தால்? இந்தக் கதையில் திறமை இருக்கு, துணிச்சல் இருக்கு. ஆனா ஏற்பாடுன்னு ஒண்ணு இருக்கா? ரொம்பக் கம்மி. அந்தப் பெண் பிழைத்ததில் பெரும்பங்கு, அன்று யார் டிக்கெட் எடுத்திருந்தார்கள் என்பதில் இருந்தது.

11 காலி சீட்

இப்போ இரண்டாவது கதை. 1998 ஜனவரி 4. கிரீஸின் ஏதென்ஸில் இருந்து நியூயார்க் வழியாக சான் பிரான்சிஸ்கோ போகும் ஒலிம்பிக் ஏர்வேஸ் விமானம். கணவன், மனைவி, குழந்தைகள், கூடவே இன்னொரு நட்புக் குடும்பம். எகிப்து, கிரீஸ் சுற்றிப் பார்த்துவிட்டு வீடு திரும்புகிறார்கள்.

கணவருக்கு 52 வயது. ஆஸ்துமா உண்டு. சிகரெட் புகை அவருக்கு ஆகவே ஆகாது.

இளைய நேயர்களுக்கு ஒரு விளக்கம் சொல்லணும். அப்போ பல சர்வதேச விமானங்களுக்குள் சிகரெட் பிடிக்கலாம். பின் பக்கம் சில வரிசைகள் "புகைப்போர் பகுதி". நடுவில் சுவர் கிடையாது, கதவு கிடையாது, பல விமானங்களில் திரை கூடக் கிடையாது. புகைக்கு வரிசை எண் தெரியுமா என்ன?

இந்தக் குடும்பத்துக்கு அது தெரியும். அதனால் கெய்ரோ விமான நிலையத்துக்குச் சீக்கிரமே வந்தார்கள். டாக்டர் கொடுத்த கடிதத்தைக் காட்டி, புகை இல்லாத பகுதியில் சீட் வேண்டும் என்று மனைவி கேட்டு வாங்கினார். ஏதென்ஸில் அடுத்த விமானத்தில் ஏறிய பிறகுதான் பார்க்கிறார்கள்: சீட் புகை இல்லாத பகுதிதான், ஆனால் புகைப்போர் பகுதிக்கு மூன்றே வரிசை முன்னால்.

மனைவி பணிப்பெண்ணிடம் போய், கணவரை வேறு இடத்துக்கு மாற்றுங்கள் என்று கேட்டார். உட்காருங்கள் என்று பதில்.

விமானம் கிளம்பும் முன் இரண்டாவது முறை கேட்டார். அவருக்குப் புகை ஒத்துக்கொள்ளாது என்று காரணமும் சொன்னார். விமானம் முழுக்க நிரம்பிவிட்டது, எனக்கு வேலை இருக்கிறது என்று பதில்.

விமானம் மேலே ஏறியது. பின்னால் சிகரெட்டுகள் பற்ற ஆரம்பித்தன. மனைவி மூன்றாவது முறை போய் நின்றார். மறுபடியும் இல்லை என்றே பதில். வேண்டுமானால் நீங்களே வேறு பயணியிடம் கேட்டு மாறிக்கொள்ளுங்கள், என்னால் உதவ முடியாது.

சுமார் இரண்டு மணி நேரத்தில் புகை அதிகமானது. கணவரின் இன்ஹேலர் தீர்ந்துபோனது. நல்ல காற்று தேடி எழுந்து முன்பக்கம் நடந்தார். சமையல் பகுதிக்கு அருகில் ஒரு சீட்டைப் பிடித்துச் சாய்ந்து நின்றார். ஊசி போடச் சொல்லி மனைவிக்குச் சைகை காட்டினார். மனைவி போட்டார். கூட வந்த நண்பர் ஓடி வந்து இன்னொரு ஊசி போட்டார், நெஞ்சை அழுத்தி முதலுதவி செய்தார், ஆக்சிஜன் கொடுத்தார். பலனில்லை. அவர் விமானத்திலேயே இறந்துபோனார்.

இப்போ இந்தக் கதையில் நான் சொல்லாம விட்ட மூணு விஷயம்.

ஒண்ணு: ஊசி போட ஓடி வந்த நண்பர் ஒரு டாக்டர். அதுவும் அலர்ஜி நிபுணர்.

ரெண்டு: இறந்துபோனவரும் டாக்டர்தான்.

மூணு: விமானம் நிரம்பவில்லை. 11 சீட் காலியாக இருந்தது. அது போக, காசு கொடுத்து டிக்கெட் எடுக்காத 28 பேர் பயணம் செய்துகொண்டிருந்தார்கள்.

டாக்டர் யாராவது இருக்கீங்களான்னு கேட்க வேண்டிய அவசியமே அன்னைக்கு இல்லை. இருந்தாங்க. மருந்து இருந்தது. முன்கூட்டியே கொடுத்த கடிதம் இருந்தது. காலி சீட் இருந்தது. வாலஸின் விமானத்தில் இல்லாதது எல்லாம் இங்கே இருந்தது. இல்லாமல் போனது ஒண்ணே ஒண்ணுதான்: ஒருத்தர் சொல்றதை நின்னு கேட்கிற காது.

"விபத்து" என்றால் என்ன?

மனைவி வழக்குப் போட்டார். இங்கேதான் வரலாறு சுவாரஸ்யமாகிறது.

சர்வதேச விமானப் பயணத்தில் பயணிக்கு ஏதாவது ஆனால் நிறுவனம் எப்போது பொறுப்பு என்பதற்கு ஒரு உலக ஒப்பந்தம் உண்டு. 1929-ல் போலந்தின் வார்சாவில் போட்டது. அதன் 17-வது பிரிவு, விமானத்தில் நடக்கும் "விபத்தால்" பயணி இறந்தாலோ காயமடைந்தாலோ நிறுவனம் பொறுப்பு என்கிறது. விபத்து என்றால் என்ன என்று மட்டும் அந்த ஒப்பந்தம் சொல்லவே இல்லை. 1929-ல் அந்த வார்த்தைக்கு விளக்கம் தேவைப்பட்டிருக்காது. விமானம் கீழே விழுந்தால் விபத்து. அவ்வளவுதானே?

ஆனா விமானம் பத்திரமாகத் தரையிறங்கி, ஒரே ஒரு பயணி மட்டும் பாதிக்கப்பட்டால்?

1985-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்துக்கு அப்படி ஒரு வழக்கு வந்தது. ஏர் பிரான்ஸ் விமானம் தரையிறங்கும்போது ஒரு பயணிக்கு ஒரு காது கேட்காமல் போய்விட்டது. விமானத்தின் காற்றழுத்தக் கருவி சரியாகத்தான் வேலை செய்தது. அது விபத்து அல்ல என்றது நீதிமன்றம். கூடவே ஒரு இலக்கணமும் வகுத்தது. பயணியின் உடம்புக்கு வெளியே நடக்கிற, எதிர்பாராத அல்லது வழக்கத்துக்கு மாறான நிகழ்வாக இருந்தால்தான் அது விபத்து.

இப்போ ஒலிம்பிக் வழக்குக்கு இந்த அளவுகோலை வெச்சுப் பாருங்க. விமான நிறுவனத்தின் வக்கீல்கள் கேட்டது இதுதான்: விமானத்தில் புகை இருந்தது வழக்கமான விஷயம். அவருக்கு ஆஸ்துமா இருந்தது அவருடைய உடம்பு. பணிப்பெண் எதுவும் செய்யவில்லை. எதுவும் செய்யாமல் இருப்பது எப்படி ஒரு "நிகழ்வு" ஆகும்?

கேட்க நியாயமாத்தான் இருக்கு. 2004 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் 6-க்கு 2 என்ற கணக்கில் தீர்ப்புச் சொன்னது. தெளிவாக உதவி கேட்ட ஒருவரிடம், அதுவும் இடம் இருக்கும்போது, முடியாது என்று மறுப்பதும் ஒரு நிகழ்வுதான். விமானத் துறையின் வழக்கத்துக்கும் அந்த நிறுவனத்தின் விதிக்குமே மாறான நிகழ்வு. ஆகவே அது விபத்து. கீழ் நீதிமன்றம் கொடுத்த 14 லட்சம் டாலர் இழப்பீடு நிலைத்தது.

எதிர்த்துத் தீர்ப்பு எழுதிய நீதிபதி ஸ்காலியாவின் வாதத்தையும் சொல்லிடணும். இங்கிலாந்திலும் ஆஸ்திரேலியாவிலும் மேல்முறையீட்டு நீதிமன்றங்கள் வேறு மாதிரி முடிவு செய்திருக்கின்றன, ஒரே ஒப்பந்தத்துக்கு நாட்டுக்கு நாடு வேறு அர்த்தம் வரக் கூடாது என்றார் அவர். அந்த விவாதம் இன்னும் முடிந்தபாடில்லை. வார்சா ஒப்பந்தத்துக்கு அடுத்ததாக 1999-ல் மான்ட்ரியல் ஒப்பந்தம் வந்தது. இந்தியா 2009-ல் அதில் சேர்ந்தது. அதிலும் 17-வது பிரிவு. அதிலும் "விபத்து" என்ற வார்த்தை. அதிலும் விளக்கம் இல்லை!

2019-ல் ஐரோப்பிய நீதிமன்றத்துக்கு வந்த வழக்கைக் கேளுங்க. ஸ்பெயினின் மயோர்காவில் இருந்து வியன்னா போகும் விமானம். அப்பாவின் சின்ன மேசையில் வைத்திருந்த சூடான காபி, பக்கத்தில் இருந்த ஆறு வயதுப் பெண் குழந்தை மேல் கொட்டியது. மேசை சரியில்லையா, விமானம் அதிர்ந்ததா, எதுவும் நிரூபணம் ஆகவில்லை. பறப்பதால் வரும் ஆபத்தாக இருந்தால்தான் விபத்து என்பது இல்லை, இதுவும் விபத்துதான் என்றது நீதிமன்றம். 1929-ல் விழுந்து நொறுங்கும் விமானத்துக்காக எழுதின ஒரு வார்த்தை, ஒரு கப் காபி வரைக்கும் வந்து சேர்ந்துடுச்சு.

பெட்டிக்குள் என்ன வந்தது?

சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும். விமானத்துக்குள் இருக்கிற ஏற்பாடுகளும் இதே காலத்தில் மாறின.

அமெரிக்காவில் விமானங்களில் டாக்டர் பயன்படுத்தக்கூடிய மருந்துப் பெட்டி கட்டாயம் ஆனதே 1986-ல்தான். இதயம் திடீரென்று தாறுமாறாகத் துடித்து நின்றால் மின்சார அதிர்ச்சி கொடுத்து மீட்கும் கருவி இருக்கு இல்லையா, டிஃபிப்ரிலேட்டர், அதை ஆஸ்திரேலியாவின் குவாண்டாஸ் 1991-ல் விமானத்தில் வைத்தது. 1998-ல் அமெரிக்கா ஒரு சட்டம் போட்டது. நடுவானில் நல்லெண்ணத்தோடு உதவி செய்யும் டாக்டர் மேல், படு அலட்சியமாக நடந்தால் தவிர, வழக்குப் போட முடியாது. "எழுந்து போனா வம்பு வந்துடுமோ" என்று தயங்கும் டாக்டர்களை எழுந்திருக்க வைக்கத்தான் அந்தச் சட்டம். அதைத் தொடர்ந்து 2001-ல் வந்த விதி, மூன்று ஆண்டுக்குள் பெரும்பாலான பயணிகள் விமானங்களில் டிஃபிப்ரிலேட்டர் வைக்கச் சொன்னது. மருந்துப் பெட்டியிலும் புதிதாகச் சில பொருட்களைச் சேர்த்தது. அதில் ஒன்று, ஆஸ்துமாவுக்கான இன்ஹேலர்.

அமெரிக்காவுக்கு வந்து போகும் விமானங்களில் சிகரெட் முழுவதும் தடையானது 2000-ல். இதையெல்லாம் அந்த ஒரு மரணம்தான் கொண்டுவந்தது என்று சொல்லவில்லை. பல வருடமாகப் பலர் போராடியதன் பலன் அது.

இன்னொரு மாற்றம் கண்ணுக்குத் தெரியாதது. இன்றைக்குப் பல நிறுவனங்களின் விமானங்களில் இருந்து தரையில் இருக்கும் டாக்டரிடம் நேரடியாகப் பேச முடியும். 24 மணி நேரமும் அதற்கென்றே மையங்கள் உண்டு. அப்படி ஒரு மையத்துக்கு 2008 முதல் 2010 வரை 5 விமான நிறுவனங்களிடம் இருந்து வந்த 11,920 அழைப்புகளை ஆராய்ந்து, 2013-ல் ஒரு ஆய்வு நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் வெளியானது. 604 விமானப் பயணத்துக்கு ஒன்று என்ற கணக்கில் மருத்துவ அவசரம் வருகிறது. அதில் 37 சதவீதம் மயக்கம் அல்லது மயக்கம் வருவது போன்ற நிலை. மூச்சுப் பிரச்சினை 12 சதவீதம். வாந்தி, குமட்டல் 9.5 சதவீதம். விமானத்தை வேறு ஊரில் இறக்க வேண்டி வந்தது 7.3 சதவீதத்தில் மட்டும். பயணியாக வந்த டாக்டர் உதவியது 48 சதவீதத்தில்.

இந்தக் கடைசி எண்ணை இன்னொரு தடவை பாருங்க. கிட்டத்தட்ட பாதி. அப்போ மீதிப் பாதியைச் சமாளிச்சது யார்? சிலவற்றில் பயணியாக வந்த நர்ஸ், முதலுதவி தெரிந்தவர். மற்றதில் எல்லாம் விமானப் பணியாளர்களும், போனில் தரையில் இருந்த டாக்டரும். நாம "ட்ரே எடுத்துட்டுப் போறவங்க"ன்னு நினைக்கிற அதே ஆட்கள். எல்லன் சர்ச்சின் வேலை எங்கேயும் போகலை. யூனிஃபார்முக்குள்ள ஒளிஞ்சு இருக்கு.

அதுக்காக டாக்டர் பயணி தேவையில்லைன்னு ஆயிடாது. 2022 ஜூலையில் டெல்லியில் இருந்து ஹைதராபாத் போன விமானத்தில் ஒரு பயணிக்கு உடம்பு முடியாமல் போக, அதே அறிவிப்பு வந்தது. எழுந்து வந்தவர் அப்போது தெலங்கானா ஆளுநராக இருந்த தமிழிசை சௌந்தரராஜன். அவர் மகப்பேறு மருத்துவர் என்பது நம்மில் பலருக்கும் தெரியும். முதலுதவி செய்தார், அந்தப் பயணி தேறினார். நல்ல விஷயம். ஆனா எல்லா ஃப்ளைட்டிலும் ஆளுநர் வருவாரா?

நமக்கு என்ன?

நம்மில் நிறையப் பேர் வீட்டில் இது நடக்குது. பிள்ளை அமெரிக்காவில், சிங்கப்பூரில். அப்பா அம்மா வாழ்க்கையில் முதல் தடவையா 15 மணி நேரம், 20 மணி நேரம் ஃப்ளைட்டில் போறாங்க. அப்பாவுக்கு சுகர். அம்மாவுக்கு மூட்டு வலி, கொஞ்சம் மூச்சு வாங்கும். நாம என்ன சொல்லி அனுப்புறோம்? "பாஸ்போர்ட் பத்திரம்மா, ஊறுகாய் பாட்டிலை நல்லா கட்டு."

ரெண்டு கதையில் இருந்தும் ஆளுக்கு ஒண்ணு எடுத்துக்கலாம்.

கோட் ஹேங்கர் கதையில் இருந்து: அடி பட்டிருந்தாலோ, உடம்பு சரியில்லைன்னாலோ, கிளம்புறதுக்கு முன்னாடியே சொல்லணும். "ஏறிட்டா சரியாப் போயிடும்" என்பது தரையில் உண்மையா இருக்கலாம். மேலே, ஊட்டி உயரத்துக் காற்றில், உண்மையா இருக்கணும்னு அவசியம் இல்லை. நெஞ்சு, கண், காது, வயிறு ஆபரேஷன் ஆகியிருந்தா டாக்டரைக் கேட்காம ஏறக் கூடாது. மாத்திரை, இன்ஹேலர், இன்சுலின் எல்லாம் கைப்பையில் இருக்கணும், கீழே போற பெட்டியில் இல்லை. என்ன நோய், என்ன மருந்து என்று ஒரு சீட்டில் எழுதி பாஸ்போர்ட்டோடு வெச்சு அனுப்புங்க. அடிக்கடி தண்ணி குடிக்கச் சொல்லுங்க. பாத்ரூம் போகணுமேன்னு தண்ணியே குடிக்காம இருக்கிற அம்மாக்களை எனக்குத் தெரியும். மயக்கம் முதலிடத்தில் இருக்கிறதுக்கு அதுவும் ஒரு காரணம்.

காலி சீட் கதையில் இருந்து எடுத்துக்க வேண்டியது கொஞ்சம் கஷ்டமானது. அந்த மனைவி எல்லாத்தையும் சரியாத்தான் செஞ்சாங்க. சீக்கிரம் வந்தாங்க, கடிதம் காட்டினாங்க, மூணு தடவை கேட்டாங்க. ஆகவே "கூச்சப்படாம கேளுங்க"ன்னு உபதேசம் பண்ணி அந்தக் கதையை முடிச்சா அது அவங்களுக்குச் செய்யுற அநியாயம். தவறு கேட்டவர் பக்கம் இல்லை.

அதனால நான் அதை வேற மாதிரி எடுத்துக்கறேன். அன்னைக்கு அந்த கேபினில் இன்னும் எத்தனையோ பேர் இருந்தாங்க. ஒரு பெண் மூணு தடவை எழுந்து போய்க் கெஞ்சுறதைப் பக்கத்து சீட்காரங்க சிலராவது பார்த்திருக்கலாம். நாமளும் ஒரு நாள் அந்த இடத்தில் உட்கார்ந்திருப்போம். ஹெட்போன் மாட்டிட்டு. அப்போ எழுந்திருச்சு "என் சீட்டை எடுத்துக்கோங்க"ன்னு சொல்ல டாக்டர் பட்டம் தேவையில்லை. கோட் ஹேங்கரும் தேவையில்லை.

அடுத்த தடவை ஃப்ளைட்டில் "டாக்டர் யாராவது இருக்கீங்களா"ன்னு கேட்டா, நம்மால எழுந்திருக்க முடியாது. ஆனா அதுக்கு ரெண்டு மணி நேரம் முன்னாடி, பக்கத்தில் ஒருத்தர் இருமிக்கிட்டே சுத்திமுத்திப் பார்த்தாரே, அப்போ எழுந்திருக்கலாம்.

உங்க வீட்டில் யாராவது இந்த வாரம் ஃப்ளைட் ஏறுறாங்கன்னா, ஊறுகாய் பாட்டிலோட அந்த மருந்துச் சீட்டையும் ஞாபகப்படுத்துங்க. அடுத்த எபிசோடில் சந்திப்போம்.